பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் மிஸ்ஸி, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்த வீட்டுக்கும் வரட்டும்

பினாங்கு என்றதும் எல்லோருக்கும் ஜார்ஜ்டவுனும் கொம்தாரும் தண்ணீர்மலைக் கோயிலும்தான் கண்ணில் வரும். கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறையின் தென்கோடியும் பினாங்குதான். சிம்பாங் அம்பாட், வால்டோர், சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் என்று கிரியான் ஆறு வரைக்கும் நீளும் இந்தப் பக்கத்தில்தான் நான் பிறந்தேன். இங்கேயே கிளினிக் டேசா எனும் கிராமத்துச் சிறு கிளினிக்கிலும், கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசாங்கச் சுகாதார நிலையத்திலும் சமூகத் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே போகும் மண் சாலைகளும், மீனவக் கம்பங்களும் (கிராமங்களும்), தோட்டத்தை விட்டு வந்த நம் ஆட்கள் குடியிருக்கும் மலிவு விலை வீடுகளும் எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுகூடத் தெரியும்.

இங்கே ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அரசாங்க மிஸ்ஸி, அதாவது தாதி, வீடு தேடி வருவார். முதல் நான்கு நாளும் வருவார். அப்புறம் ஆறாம் நாள், எட்டாம் நாள், பத்தாம் நாள், கடைசியாக இருபதாம் நாள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பிரசவம் ஆன மருத்துவமனையிலிருந்து தகவல் வந்துவிடும். தாயின் இரத்த அழுத்தம், உதிரப்போக்கு, தையல், கெண்டைக்காலில் வலி இருக்கிறதா என்று எல்லாம் பார்ப்பார். குழந்தையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், பால் குடிக்கும் விதத்தைப் பார்ப்பார்.

பார்க்க வேண்டிய பட்டியலில் இல்லாததும் கண்ணில் படும். அதுதான் வீட்டுக்குப் போவதன் பெரிய பலன். பத்தியம் என்று சொல்லி வெறும் பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் கொடுத்துக் காய்கறியை முழுக்க நிறுத்தியிருப்பார்கள். இரும்புச் சத்து மாத்திரை சூடு என்று மாமியார் எடுத்து அலமாரி மேலே வைத்திருப்பார். அந்த மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போட்டுக்கொடுக்கும் தேநீரைக் குடித்தபடி, "அம்மா, பூண்டும் சுறாவும் நல்லதுதான், கூடவே இந்தக் கீரையையும் கொடுங்கள், மருமகள் இரத்தம் நிறையப் போய் எழுந்திருக்கிறாள்" என்று சொன்னால் கேட்பார். கிளினிக் மேசைக்கு எதிரே உட்கார வைத்து மருமகளிடம் சொல்லி அனுப்பினால் அந்தச் செய்தி அடுப்படி வரை போகாது.

இந்த நாட்டில் பிரசவத்தில் தாய் சாவது குறைந்த கதை இப்படித்தான் நடந்தது. 1950இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1990களில் அது 50க்கும் கீழே வந்துவிட்டது. பெரிய மருத்துவமனைகளும், இரத்த வங்கியும், நல்ல சாலைகளும் அதற்குக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவற்றோடு, கிராமத்துக்கு உள்ளேயே குடியிருந்த மருத்துவச்சியும் காரணம். சுதந்திரத்துக்குப் பிறகு கட்டிய கிராமச் சுகாதார அமைப்பில் 50,000 பேருக்கு ஒரு முதன்மை நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக் என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் கிளினிக்கிலேயே அவருக்கு வீடும் இருந்தது. 1970களில் அதை இரண்டு அடுக்காக்கி, 4,000 பேருக்கு ஒரு கிளினிக் டேசா, 20,000 பேருக்கு ஒரு சுகாதார நிலையம் என்று மாற்றினார்கள். கர்ப்பிணியின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஆபத்துக்கு ஏற்ப வண்ணம் ஒட்டும் முறையும், 1991இல் தொடங்கிய ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியாக விசாரிக்கும் முறையும் பிறகு சேர்ந்துகொண்டன. யாரையும் தண்டிக்க அல்ல, எங்கே கை நழுவியது என்று கண்டுபிடிக்க அந்த விசாரணை. இதில் ஒரு சின்னப் பங்கு எனக்கும் இருந்தது என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் நம் தமிழர்களில் பெரும்பகுதி அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தார்கள். தோட்டம் தனியார் நிலம். அங்கே இருப்பவர்களின் வைத்தியம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் வைத்துவிட்டது. அரசாங்கத்தின் கிராமச் சேவை கம்பங்களுக்குப் போனது. தோட்டத்துக்கு டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். இந்தப் பக்கத்தில் கெலடோனியா, பைராம், பத்து காவான் என்று கரும்பில் தொடங்கி, ரப்பருக்கு மாறி, பிறகு செம்பனைக்குப் போன தோட்டங்கள். எங்கள் அப்பா அம்மா காலத்தில் காய்ச்சல் என்றாலும், பால்வெட்டுக் கத்தி பட்டாலும், வயிற்றுவலி என்றாலும் டிரஸ்ஸர் ஐயாதான். 1965இல் தோட்ட டிரஸ்ஸர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே வந்தது. சில தோட்டங்களில் டிரஸ்ஸர் நல்ல மனிதராக, தொழிலாளர் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வருபவராக இருந்தார். சில தோட்டங்களில் எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரை. எது கிடைக்கும் என்பது நீங்கள் எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

அப்புறம் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. இன்று பத்து காவானில் தொழிற்சாலைகள், 2014இல் திறந்த இரண்டாவது பாலம், அடுக்குமாடி வீடுகள். லயத்தை விட்டு வெளியேறியவர்கள் தாமான் எனும் குடியிருப்புகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் சிதறிப் போனார்கள். டிரஸ்ஸர் இல்லை. பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாத இடத்தில், ஐம்பது அறுபது வயதில், முதல் முறையாக ஒரு கிளினிக் கெசிஹாத்தானில் எண் எடுத்து உட்காரக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் தலைமுறைக்குத்தான் இப்போது இனிப்பு நீர்.

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம், அந்த 18.3இல் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது என்பது. சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார்களே, இந்த நாட்டில் புதிதாக அந்த நிலைக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணம் இந்த நோய்தான். நிபோங் திபால் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், கையில் அந்தச் சுத்திகரிப்பு ஊசிக்காகப் புடைக்க வைத்த நரம்போடு ஒருவராவது இருப்பார்.

கிளினிக்கைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் மருத்துவரைப் பார்க்கலாம், மாத்திரை கிடைக்கும், இன்சுலின் கிடைக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, கண்ணின் விழித்திரையைப் படம் எடுப்பது, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் அதே கட்டடத்தில் நடக்கும். இனிப்பு நீர்க்காரர் கையில் வைத்திருக்கும் பச்சைப் புத்தகத்தில் எழுதிக் கொடுப்பார்கள். இவ்வளவையும் இந்த விலைக்குக் கொடுக்கும் நாடுகள் அதிகம் இல்லை. தனியார் கிளினிக்கில் சர்க்கரை பார்த்துவிட்டு வருகிற நம் ஆட்கள் இதை மதிக்க வேண்டும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை பெற்றவளின் வீட்டைப் பார்த்தது போல, இனிப்பு நீர்க்காரரின் வீட்டை யாரும் பார்ப்பதில்லை.

சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ஐயா. பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக் குலை தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகு நான் தொண்டராகப் போகத் தொடங்கிய வீடுகளில் ஒன்று அவருடையது. பச்சைப் புத்தகத்தில் ஒவ்வொரு தேதிக்கும் தவறாமல் போயிருக்கிறார். சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்கும்போதெல்லாம் "மாக்கான்" (சாப்பிடுகிறேன்) என்று மலாயில் சொல்லியிருக்கிறார், அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. மருந்தைக் காட்டுங்கள் ஐயா என்றேன். பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே திறக்காத மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக. காலையில் ஒழுங்காகப் போடுவார், இரவு மாத்திரையை மட்டும் "இன்றைக்கு இனிப்பு சாப்பிடலையே, எதுக்கு" என்று விட்டுவிடுவார். அவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறார்தான். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார். அந்த டின்னைத் திறந்து பார்க்கிற ஆள்தான் இல்லை.

இன்னொரு வீட்டில் அம்மா இன்சுலின் பேனாவை ஃப்ரீசரில் வைத்திருந்தார். குளிரில் வைக்கச் சொன்னார்கள், அவர் இன்னும் நல்லாக் குளிர வைத்தார். உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. வயிற்றில் ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியாகிப் போனவர்களும் உண்டு, கட்டியில் குத்தினால் மருந்து ஒழுங்காக உடம்பில் ஏறாது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை விரதத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். நம் பெண்கள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருப்பார்கள். சாமி கும்பிடுகிற வேளையில் மயங்கினால் அருள் என்று நினைத்து விபூதி பூசுகிறவர்களும் உண்டு. நோன்பு மாதத்துக்கு முன்னால் மலாய்க்காரர்களுக்கு மருந்து நேரத்தை மாற்றிக் கொடுக்கும் ஆலோசனை கிளினிக்கில் வழக்கமாக நடக்கிறது. அதே போலத் "தங்கச்சி, எந்தக் கிழமை விரதம்?" என்று நம்மவர்களிடம் கேட்க ஆள் வேண்டும். கேட்டால் மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதித் தருவார். விரதத்தை விடச் சொல்ல வேண்டிய அவசியமே பல பேருக்கு இருக்காது.

அப்புறம் பாதம். தைப்பூசத்துக்கும் பங்குனிக்கும் வெறும் காலோடு நடப்பது நம் நேர்த்தி. நடக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் காலில் உணர்ச்சி செத்துப்போனவருக்கு மத்தியானத் தாரின் சூடு தெரியாது, கல் குத்தியது தெரியாது. மூன்றாம் நாள் வீட்டில் நாற்றம் வந்த பிறகு பார்த்தால் கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருக்கும். அங்கிருந்து விரலை எடுப்பதும், பாதத்தை எடுப்பதும் வெகு தூரம் இல்லை. விடியற்காலையில் நடந்துவிடுங்கள், முடித்த உடனே காலைக் கழுவித் துடைத்து, இன்னொருவரை விட்டு அடிப்பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்பேன். குனிந்து தன் பாதத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பழக்கிக் கொடுப்பேன்.

சாப்பாட்டு விஷயம் தனிப் பெரும் பாடு. கால், கால், அரை என்று தட்டைப் பிரித்துக் காட்டும் படம் எல்லாக் கிளினிக் சுவரிலும் இருக்கிறது. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். நல்ல படம், எளிமையான படம். ஆனால் ஒரு அக்கா என்னிடம் உறுதியாகச் சொன்னார், "நான் ராத்திரி சோறே தொடுவதில்லை, நாலு தோசை மட்டும்தான்." தோசை அந்தப் படத்தில் இல்லை. தோசையும் இட்லியும் இடியப்பமும் சோற்றுக் கணக்கில்தான் சேரும் என்று யாராவது அவருடைய அடுப்படியில் நின்று சொல்ல வேண்டும். சொன்னால் போதாது, இரண்டு தோசைக்கு ஒரு கிண்ணம் நிறைய சாம்பார் காயும் ஒரு முட்டையும் வைத்துக் காட்ட வேண்டும். கட்டிப்பால் ஊற்றிய தேநீர் காலையில் ஒன்று, வேலைக்கு நடுவே ஒன்று, நாலு மணிக்கு பிஸ்கட்டோடு ஒன்று என்றால் அதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வதும் நடக்காது. முதலில் நாலு மணித் தேநீரைச் சீனி இல்லாத தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆக்குங்கள் என்பேன். அது நாக்குக்குப் பழகிய பிறகு அடுத்தது.

புழுங்கல் அரிசி சாப்பிட்டால் இனிப்பு நீர் வராது என்ற நம்பிக்கை நம் பெரியவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த அரிசிக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். 1905இல் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களைத்தான் பெரும்பாலும் பிடித்தது. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது தமிழர்கள் பெரும்பாலும் தப்பியது இந்த அரிசியால்தான். ஆனால் பெரிபெரி வேறு, இனிப்பு நீர் வேறு. புழுங்கல் சோறும் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும்.

இதில் எதுவும் கிளினிக்கில் இருக்கும் சில நிமிடத்தில் வெளியே வராது. வெளியில் இருபது முப்பது பேர் காத்திருக்கிறார்கள். மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறார், நம் அம்மா தலையை ஆட்டுகிறார். தமிழ் பேசும் தாதியோ மருந்தாளரோ இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்பார்கள். மகன் பத்து காவான் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் கொண்டுவந்து விட்டிருப்பான். இல்லையென்றால் போக வர வாடகைக் கார், அது ஒரு வெள்ளிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. சந்திப்பு நாளை மைசெஜாத்தெரா என்ற கைப்பேசிச் செயலியில் மாற்றலாம் என்பார்கள், கைப்பேசி பேரப்பிள்ளையிடம் இருக்கும். மருந்தைத் தபாலில் வரவழைக்கும் வசதி இருப்பது பல பேருக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள், நிலைமை சீராக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் அலைவது மிச்சமாகும்.

சரி, வீட்டுக்கு வருகிற சேவை அரசாங்கத்திடம் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. 2014இல் இருந்து கிளினிக் கெசிஹாத்தான் குழுக்கள் படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்க்கின்றன. பக்கவாதம் வந்தவர், காலை எடுத்தவர், புண் கட்ட வேண்டியவர். அருமையான சேவை, அந்தக் குழுக்களில் இருப்பவர்களின் பொறுமையை நேரில் பார்த்திருக்கிறேன். தேதியைத் தவறவிட்டவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுவதும், சில இடங்களில் தேடிப் போவதும் நடக்கிறது. நான் கேட்பது, படுக்கையில் விழுவதற்கு முன்னாலேயே அட்டவணை போட்டு வருவதை. நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக்கு முதல் மாதம் ஒரு முறை, மூன்றாம் மாதம் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை. மருந்து டின், குளிர்ப்பெட்டி, அடுப்படி, பாதம். பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

தாதிகள் எங்கே இருக்கிறார்கள் என்று என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் பினாங்கு, நாட்டிலேயே பிறப்பு மிகவும் குறைந்த மாநிலங்களில் ஒன்று. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பிள்ளை பெற்ற வீடுகளைச் சுற்றியே பொழுது போய்விடும். ஓய்வு பெறும் காலத்தில் அந்த வீடுகள் வெகுவாகக் குறைந்து, முதியவர்கள் வீடு கூடியிருந்தது. வீட்டு வாசலில் நின்று பேசத் தெரிந்த தாதிகளின் திறமையை அடுத்து எங்கே அனுப்புவது என்பதை யோசிக்க இதுதான் நேரம். அவர்களால் முடியாத இடத்துக்குக் கோஸ்பென் எனும் அரசாங்கச் சமூகச் சுகாதாரத் திட்டத்தின் தொண்டர்கள் இருக்கிறார்கள். 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், சாதாரணக் குடியிருப்பாளர்களுக்கே இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை பார்க்கப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள். கம்பங்களில் அது நன்றாக ஓடுகிறது, ஏனென்றால் அங்கே கிராமக் குழுவும் சூராவ் எனும் தொழுகை இடமும் இருக்கின்றன. நம் தாமான்களில் கோயில் நிர்வாகமும் மாதர் குழுவும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் சில ஓய்வு பெற்ற தாதிகளும் மாதர் குழுப் பெண்களும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் மேசை போடுகிறோம். வருகிறவர்களிடம் மருந்து டின்னையும் பச்சைப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்கிறோம். டின்னை மேசையில் கொட்டி எண்ணுவோம், மீதம் இருப்பதை ஒரு தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கொடுத்து, அடுத்த தேதிக்கு அதை மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். மருந்தை நாங்கள் கூட்டவோ குறைக்கவோ மாட்டோம், அது மருத்துவர் வேலை. கிளினிக்கிலும் இதை வரவேற்றார்கள், ஏனென்றால் மருந்து போதவில்லையா அல்லது உள்ளேயே போகவில்லையா என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. அன்னதானத்தில் சோற்றுக்கு முன்னால் காய்கறியை இலையில் நிறைய வைக்கவும் சம்மதம் வாங்கிவிட்டோம். பாயசத்தைச் சின்னக் கிண்ணத்தில் வைப்பது பற்றி நிர்வாகத்தோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தாமானில் கோஸ்பென் தொண்டர்களில் தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் கேளுங்கள். இல்லை என்றால் உங்கள் பெயரையே கொடுங்கள். படிப்புச் சான்றிதழைவிட, கதவைத் தட்டினால் திறக்கிற அளவுக்கு அக்கம்பக்கத்தில் உங்களைத் தெரிந்திருப்பதுதான் இந்த வேலைக்கு முக்கியம். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் ஞாயிறு காலை மண்டபத்துக்கு வந்தால், கருவியில் இரத்த அழுத்தம் பார்ப்பதில் இருந்து பாதத்தை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்பது வரை நாங்களே காட்டித் தருகிறோம்.